பழைய காரில் சத்தமா? எஞ்சினை இறக்குவதற்கு முன் நடக்கும் தவறுகள்

பழைய காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டதும் நம்மில் பலர் வொர்க்‌ஷாப்பில் போய்ச் சொல்வது, “டேப்பட் அடிக்குது, பாத்துக் குடுங்க.” மெக்கானிக்கும் டேப்பட்டை, அதாவது எஞ்சின் வால்வை அழுத்தித் திறக்கும் பாகத்தை, சரிசெய்து பில்லை நீட்டுவார். சத்தம் மட்டும் வண்டியோடு வீடு திரும்பும். பாகத்தின் பெயரை நாம் சொல்லவே கூடாது; சத்தம் எப்போது வருகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? இதற்கெல்லாம் பதில் தெரிந்தாலே பாதிச் சந்தேகம் கழிந்துவிடும்.

மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 1983 கடைசியில் ரோட்டுக்கு வந்து, 2014-ல் உற்பத்தி நின்ற வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் உதறல் இயல்பு. நான்கு சிலிண்டர் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அதையே கோளாறு என்று நினைத்துச் செலவு செய்வதுண்டு.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் ‘டிக் டிக்’ சத்தத்தைக் காட்ட, வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போவது அடுத்த தவறு. போய்ச் சேரும்போது சத்தம் இருக்காது. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு, காலையில் மெக்கானிக்கையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

இந்த டிக் டிக்கை எல்லாரும் டேப்பட் என்றே முடிவு கட்டுகிறார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) இணைப்பில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் லீக் ஆனாலும் அச்சு அசல் இதே சத்தம்தான் வரும். ஒரு சிலிண்டரின் வால்வு திறப்பதும் அதிலிருந்து புகை வெளியேறுவதும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒரே ஒரு முறை. ஐடில் 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால் நொடிக்கு ஆறேழு தட்டு. இரண்டுக்கும் ஒரே தாளம் என்பதால் காதை மட்டும் நம்பினால் குழப்பம்தான். ஆனால் லீக் என்றால் எஞ்சின் சூடேறி உலோகம் விரிந்ததும் இடைவெளி அடைபட்டு, பெரும்பாலும் சத்தம் குறைந்துவிடும் அல்லது நின்றேவிடும். மேனிஃபோல்டு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு சேரும் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். கரி கோடாகப் படிந்திருந்தால் முதலில் கேஸ்கட்டைக் கவனியுங்கள், டேப்பட் அப்புறம்.

கீழிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்து, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கூடினால் அது வேறு விவகாரம். பிஸ்டன் தண்டைக் கிராங்கோடு சேர்க்கும் பிக்-எண்ட் பேரிங்காக இருக்கலாம். கூடவே சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், ‘மெதுவா வீடு வரைக்கும் போயிடலாம்’ என்ற கணக்கே வேண்டாம். ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஓடுகிற எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். வயரைப் பிடுங்கியதும் தட்டல் குறைந்தால் கோளாறு அந்த சிலிண்டரில்தான். கார்புரேட்டர் காலத்து வண்டிக்குச் சரி. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய், அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்து புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. பழைய வண்டிதானே என்று நினைப்பவர்கள் அந்த வருடத்தை ஒரு தடவை யோசிக்கலாம்.

கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது இன்னொன்று. விற்கிற வண்டிக்குச் செய்யும் வேலை இது. வைத்துக்கொள்கிற வண்டிக்கு அல்ல. கெட்டி ஆயில் காலை ஸ்டார்ட்டில் மேலே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏறவே நேரம் எடுக்கும்.

கீச்சென்ற சத்தத்துக்கு எஞ்சினோடு சுற்றும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் போதும். ஒரு நிமிடம் நின்று மறுபடி வந்தால் பெல்ட் சமாசாரம். சட்டைக் கை, துப்பட்டா, விரல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

இனி கியர்பாக்ஸ். பணம் அதிகம் வீணாவது இங்கேதான், ஏனென்றால் வண்டி ஓடும்போது வரும் ஊளைச் சத்தம் எல்லாமே கியர்பாக்ஸ் பெயரில் எழுதப்படுகிறது. முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதிக்காதபோது ‘ர்ர்ர்’ என்று கேட்டு, முழுக்க மிதித்ததும் நின்றால், சந்தேகம் எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங் மேல். நேர்மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். அதை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் உள்ளே பிரிக்க வேண்டியதில்லை. பில்லில் பெரிய வித்தியாசம்.

ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு, ஆள் நடமாட்டமில்லாத நேர்ச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சின் மேல் பழி இல்லை. இதற்காகச் சிலர் சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைக்கிறார்கள். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் ஓரிரு முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். வலப்பக்கம் வளையும்போது ஊளை கூடினால் பெரும்பாலும் இடது வீல் பேரிங், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. முழு ஸ்டியரிங் ஒடித்துத் திரும்பும்போது ‘கட கட’ என்றால் ஆக்சில் ஜாயின்ட்; ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும்.

கியர் ஆயிலில் ‘90 நம்பர்’ என்பதை மட்டும் பார்த்து ஊற்றாதீர்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கிற கியர்பாக்ஸில் ஜிஎல்-5 போனால், அதிலுள்ள கந்தகச் சேர்க்கை, கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு ஆகாமல் போகலாம். கியர் விழும்போது கறகறப்பு கூடும், பழி கியர்மேல் விழும்.

ரிவர்ஸில் மட்டும் வரும் ‘ஊய்ங்’ சத்தத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். முன்னோக்கிச் செல்லும் கியர்களுக்குப் பல் சாய்வாக வெட்டியிருக்கும். ரிவர்ஸுக்கு நேர்ப் பல், அதனால் அப்படித்தான் பாடும். அதற்காகக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் கடையிலிருந்து வண்டியை ரிவர்ஸிலேயே வெளியே எடுத்துவிடலாம்.