பெங்களூரிலிருந்து முதல் கூடாரப் பயணம்: குடும்பத்துக்கு வேண்டிய பொருள்களைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் முறை

நவம்பர் பாதி கடந்து மழை ஓயத் தொடங்கியது முதல் பிப்ரவரி இறுதிவரை, பெங்களூரைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் திறந்தவெளியில் இரவு தங்குவதற்கு ஏற்ற காலம். ராமநகரம், கனகபுரா, சாவனதுர்க்கா என்று இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள்ளேயே, கட்டணம் வாங்கிக்கொண்டு கூடாரம் அடிக்க இடம் தரும் தனியார் தோட்டங்கள் பல உள்ளன. அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் இப்படி ஒரு பயணத்துக்கு ஆசைப்பட்டு, பொருள்களின் விலைப்பட்டியலைப் பார்த்ததும் திட்டத்தைக் கைவிடுகின்றன. பட்டியலில் இருப்பதில் பாதி, முதல் பயணத்துக்குத் தேவையே இல்லை. குழந்தைகளும் பெரியவர்களும் இரவில் நிம்மதியாகத் தூங்குவதற்கு உதவும் பொருளுக்கு மட்டும் பணம் செலவழிக்க வேண்டும். மற்றவை நம் வீட்டுப் பரணிலேயே இருக்கின்றன.

இதை நாங்கள் பாடுபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். முதல் முறை, விலை குறைவு என்பதற்காக ஒற்றைத் துணியால் ஆன கூடாரம் ஒன்றை இணையக் கடையில் வாங்கி, கீழே ஒரு போர்வையை மட்டும் விரித்து, ராமநகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் தங்கினோம். மழை ஒரு சொட்டும் பெய்யவில்லை. ஆனாலும் அதிகாலை நான்கு மணிக்குக் கூடாரத்தின் உட்புறமெல்லாம் நீர் முத்துமுத்தாகக் கோத்து, இளையவளின் போர்வை நனைந்துவிட்டது. என் அம்மா தரையின் குளிர் தாங்காமல் எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்திருந்தார். அந்த இரவுக்குப் பிறகுதான் எதை முதலில் வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்பது எங்களுக்கு விளங்கியது.

படி 1: இடத்தையும் காலத்தையும் முடிவு செய்யுங்கள்

பொருளைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 15, 16 டிகிரி அளவுக்குக் குறையும். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் பதிவான 7.8 டிகிரி. கட்டடங்கள் இல்லாத திறந்தவெளி நகரத்தைவிடச் சற்று அதிகமாகக் குளிரும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பதால், சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் மூன்று, நான்கு டிகிரி குறைத்துக் கணக்கிட வேண்டும். ஆக, நமக்குத் தேவையான பொருள்கள் பத்து டிகிரிவரை தாங்கினால் போதும். பனிமலைக்கென்று செய்த விலையுயர்ந்த பொருள்களைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

முதல் பயணத்துக்குக் கழிப்பறையும் காவலாளியும் உள்ள, அனுமதி பெற்ற முகாமையே தேர்ந்தெடுங்கள். வனத்துறையின் நிலத்தில் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பது சட்டப்படி குற்றம். அதோடு கனகபுரா, பன்னேர்கட்டா வட்டாரங்களில் யானைகள் நடமாடுகின்றன. இந்த விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது.

படி 2: வீட்டில் இருப்பதைத் தனியே எடுத்து வையுங்கள்

ஒரு மாலை நேரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து, வீட்டிலிருந்தே கொண்டுபோகக்கூடியவற்றைக் கூடத்தில் அடுக்குங்கள். கம்பளி, ஜமுக்காளம், எவர்சில்வர் தட்டுகளும் தம்ளர்களும், டிபன் கேரியர், பிளாஸ்டிக் வாளி, தண்ணீர் கேன், துணி காயப்போடும் கயிறு, கத்தி, தீப்பெட்டி, பழைய செய்தித்தாள்கள் ஆகிய இவை எதையும் புதிதாக வாங்க வேண்டாம். முகாமுக்கென்றே விற்கப்படும் மடக்குத் தட்டுகளும் கரண்டிகளும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் எவர்சில்வர் தட்டு செய்யாத எதையும் அவை செய்வதில்லை. மடக்கு நாற்காலியும் முதல் பயணத்துக்கு அவசியமில்லை. மூட்டுவலியுள்ள பெரியவர் உடன் வந்தால் மட்டும் அவருக்காக ஒன்று வாங்குங்கள், அதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

படி 3: கூடாரம்

மொத்தச் செலவில் பாதியைக் கூடாரத்துக்கு ஒதுக்குங்கள். நான்கு பேருக்கு 15,000 ரூபாய் என்று வரம்பு வைத்துக்கொண்டால், ஏழாயிரம், எட்டாயிரம் கூடாரத்துக்கே போகட்டும். அவ்வளவு இப்போது முடியாது என்றால் வாடகைக்கு எடுங்கள். பெங்களூரில் கூடாரத்தை நாள் வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், முகாம் இடங்களிலேயே கூடக் கிடைக்கிறது. குடும்பத்துக்கு இந்த அனுபவம் பிடிக்கிறதா என்று தெரியாத நிலையில், முதல் முறை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து.

வாங்குவதென்று முடிவு செய்தால், முதலில் அளவைப் பாருங்கள். மூன்று பேருக்கானது என்று உறையில் எழுதியிருந்தால், மூன்று பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்பதே அதன் பொருள்; பைகளுக்கு அதில் இடமில்லை. ஒரு பெரியவருக்கு 60 சென்டிமீட்டர், ஒரு சிறு பிள்ளைக்கு 40 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு மீட்டர் அகலம் வேண்டும். உறையில் போட்டிருக்கும் தரையளவைக் குறித்துக்கொண்டு வந்து, வீட்டுக் கூடத்தில் கோலமாவால் அதே அளவுக்கு ஒரு செவ்வகம் வரைந்து, எல்லோரும் அதற்குள் படுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் கடையில் நின்றுகொண்டு எவ்வளவு யோசித்தாலும் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கும். பாட்டியோ வளர்ந்த பிள்ளைகளோ உடன் வந்தால், ஒரே பெரிய கூடாரத்தைவிட இருவர் கூடாரங்கள் இரண்டு நல்லது. ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று இருக்கும், அவரவருக்கு ஒதுக்கிடமும் கிடைக்கும்.

அடுத்து, இரண்டு அடுக்கு உள்ளதா என்று பாருங்கள். வலைத்துணியால் ஆன உள்கூடாரமும், நீர் புகாத வெளித்துணியும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். நான்கு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராக மாறுகிறது. இரண்டு அடுக்கு இருந்தால் அந்த நீர் வெளித்துணியின் உட்புறமாக வழிந்து வெளியே போய்விடும். ஒற்றை அடுக்காக இருந்தால் நம் மேலேயே சொட்டும். எங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

மழை தாங்கும் திறனை மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். துணியின் மேல் நிறுத்தப்படும் நீர் எவ்வளவு உயரம்வரை கசியாமல் நிற்கிறது என்பதே அந்த எண். வெளித்துணிக்கு 1500 முதல் 2000 மில்லிமீட்டர்வரை இருந்தால் நம் பருவத்துக்குப் போதும். முழங்காலும் முழங்கையும் ஊன்றி அழுத்தும் தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். எண்ணை மட்டும் நம்பிவிடாமல் தையல்களையும் பாருங்கள்: உட்புறத்தில் தையல் மேல் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஏனெனில் நீர் முதலில் நுழைவது ஊசித்துளை வழியாகத்தான்.

பெங்களூரைச் சுற்றிலும் கருங்கல் பூமி என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பல இடங்களில் நான்கு விரல் ஆழத்துக்குக் கீழே பாறை வந்துவிடும், முளை இறங்காது. எனவே முளை அடிக்காமலே வளைகம்பிகளின் பலத்தில் தானாக நிற்கும் குவிமாட வடிவக் கூடாரத்தையே வாங்குங்கள். அதன் இழுகயிறுகளைக் கல்லில் கட்டிக்கொள்ளலாம். கம்பிகளில் அலுமினியம் இலேசானது, உறுதியானது, விலை அதிகம். கண்ணாடியிழைக் கம்பி கனமானது, காரில் போகிறவர்களுக்கு அதுவே போதும். பேருந்தில் போகிறவர்கள் மொத்த எடையையும் மடித்த நீளத்தையும் கட்டாயம் கேட்க வேண்டும். வீசி எறிந்தால் தானே விரியும் வகை வசதியானதுதான், ஆனால் மடித்தாலும் அகன்ற வட்டமாகவே இருக்கும் என்பதால் பேருந்திலும் ஆட்டோவிலும் சிரமம்.

டெகாத்லான் போன்ற பெரிய கடைகளில் கூடாரத்தை விரித்து நிறுத்தியே வைத்திருப்பதால் பிள்ளைகளோடு உள்ளே போய்ப் படுத்துப் பார்க்கலாம். ஜிப்பைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். பழைய கூடாரத்தை யாரிடமாவது வாங்கினால், உள்ளே தலையை நீட்டி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தாலோ, துணி கையில் பிசுபிசுவென ஒட்டினாலோ, நீர் தடுக்கும் பூச்சு கெட்டுவிட்டது என்று பொருள். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 4: தரைக்கும் உடம்புக்கும் இடையே

கூடாரத்துக்கு அடுத்தபடியாகப் பணம் போக வேண்டிய இடம் இது. பலர் இங்கேதான் கை சுருக்குகிறார்கள். போர்வை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், உடம்பின் எடையில் அதன் கீழ்ப்பகுதி நசுங்கி, உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. காற்று இல்லாத இடத்தில் கதகதப்பும் இல்லை. நசுங்காத ஃபோம் பாய் தலைக்கு ஒன்று வேண்டும். எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதுமானது. காற்றடைத்த மெத்தை மென்மையாக இருந்தாலும், உள்ளே பஞ்சு அடைக்காத சாதாரண வகையில் காற்று சுழன்று கீழேயுள்ள குளிரை மேலே கொண்டுவரும். ஒரு முள் குத்தினால் இரவே பாழாகும்.

கீழிருந்து மேலாக நாங்கள் விரிக்கும் வரிசை இது: கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய், உள்ளே ஃபோம் பாய், அதன் மேல் கோரைப்பாய், கடைசியாகப் பவானி ஜமுக்காளம். கோரைப்பாய் வியர்வையை வாங்கிக்கொள்வதால் ஃபோமின் பிசுக்கு உடம்பில் படாது. தார்ப்பாயைச் சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் வேண்டிய அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம். கூடாரத்தின் தரையைவிட அது எல்லாப் பக்கமும் சில விரற்கடை சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் தேங்கி, நேராகக் கூடாரத்துக்கு அடியில் ஓடிவரும்.

படி 5: போர்த்திக்கொள்ள

முதல் இரண்டு மூன்று பயணங்களுக்கு வீட்டுக் கம்பளியும் காதை மூடும் குல்லாவும் காலுறையும் போதும். உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளும் பையான ஸ்லீப்பிங் பேக் வாங்கியே தீர வேண்டும் என்றால், அதில் போட்டிருக்கும் வெப்பநிலைகளில் எது வசதியான தூக்கத்துக்கானது என்று கேட்டு, அந்த எண்ணை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அதைவிடத் தாழ்ந்த எண்கள் சமாளிக்கும் எல்லையைக் குறிப்பவை. பத்து முதல் பதினைந்து டிகிரி வகையே நமக்கு ஏற்றது. இறகு அடைத்தது விலை அதிகம், நனைந்தால் சூட்டை இழந்துவிடும். செயற்கைப் பஞ்சு அடைத்ததை வீட்டிலேயே துவைக்கலாம்.

படி 6: வெளிச்சம், சாப்பாடு, தண்ணீர்

தலையில் மாட்டும் டார்ச் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். இரவில் பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது இரண்டு கைகளும் வேலைக்கு வேண்டியிருக்கும். வெளிச்சத்தை லூமன் என்ற அலகில் குறிப்பிடுவார்கள்; நூறு லூமன் அளவு போதுமானது.

அடுப்பு வாங்குவதை முதல் பயணத்தில் தள்ளிப்போடுங்கள் என்பதே என் பரிந்துரை. புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், பிளாஸ்கில் காபியும் ஓர் இரவுக்குத் தாராளம். பிறகு வாங்கும்போது இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. எரியும் அடுப்பைக் கூடாரத்துக்குள் ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது; துணி பற்றிக்கொள்ளும் ஆபத்தோடு, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். கரி அடுப்பும் அப்படித்தான். ரயிலிலும் மெட்ரோவிலும் எரிவாயு உருளைக்கு அனுமதி இல்லை.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டால், நம் வீட்டு 20 லிட்டர் கேன் ஒன்று நான்கு பேருக்கு ஒரு நாளைக்குப் போதும். முதலுதவிப் பையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி, கொசு களிம்பு ஆகியவற்றோடு, கர்நாடக மாநிலம் முழுவதும் ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்ணையும், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதிலோ கீறுவதிலோ நேரத்தைக் கழிக்காமல் நேரே அங்கேதான் போக வேண்டும்.

படி 7: மொட்டை மாடியில் ஓர் ஒத்திகை

கடையில் பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். மொட்டை மாடியில் கூடாரத்தை நிறுத்தி, முளைக்குப் பதிலாக நீர் நிரப்பிய வாளிகளில் இழுகயிற்றைக் கட்டுங்கள். பிறகு ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் பத்து நிமிடம் வெளியிலிருந்து தண்ணீரை மேலே தெளித்துக்கொண்டே இருக்கட்டும். கசிவு இருந்தால் உள்ளே இருப்பவர் அந்தத் தையலைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். காய்ந்ததும் அன்றிரவு அதிலேயே தூங்குங்கள். எந்தப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படுகிறது, அம்மாவின் முதுகுக்கு இன்னொரு பாய் வேண்டுமா என்பதெல்லாம் வீட்டுக் கழிப்பறை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும். என் அம்மாவுக்கு இரண்டு பாய் தேவை என்பதை நாங்கள் கண்டறிந்தது அல்சூரில் எங்கள் மாடியில்தான். அடுத்த பயணத்தில் அவர் விடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.

படி 8: திரும்பி வந்த மறுநாள்

மழை பெய்யாவிட்டாலும் கூடாரம் பனியில் நனைந்தே வீடு வந்து சேரும். மறுநாளே அதை மாடிக் கொடியில் நிழல் படும் பக்கமாக விரித்துப் போடுங்கள், ஏனெனில் கடும் வெயில் துணியின் வலுவைக் குறைத்துவிடும். தரைத்துணியைத் திருப்பிப் போட்டு, ஒட்டியிருக்கும் மண்ணை ஈரத்துணியால் துடைத்து, தையல் ஓரங்கள் வரை நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். கூடவே வரும் குறுகிய பையில் இறுக்கித் திணிக்காமல், பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு, ஈரம் படாத பரணில் வையுங்கள். முளைகளை எண்ணிப் பார்த்து, குறைந்திருந்தால் அந்த வாரமே வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.