முப்பது தாண்டிய கால்பந்து வீரர்கள் ஒப்பந்த நீட்டிப்பில் சறுக்கும் இடங்கள்

வயது முப்பத்திரண்டு ஆகிவிட்ட ஆட்டக்காரருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பேச்சு வந்தால், அது சம்பளத்தில்தான் முட்டி நிற்கும் என்று நினைக்கிறோம். சேலம் காந்தி மைதானத்தில் ஷூவைக் கழற்றிக்கொண்டே பேசும் சீனியர்களும் அதையேதான் சொல்வார்கள். சென்னை லீக், கேரளத்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) என்று ஊர் ஊராக ஆடி வந்தவர்கள். ஆனால் உலக அளவில் நடந்த பெரிய தகராறுகளை எடுத்துப் பார்த்தால், பணத்தைவிடத் தேதிதான் பலரைக் கவிழ்த்திருக்கிறது.

செர்ஜியோ ராமோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ரியல் மாட்ரிட்டில் 16 சீசன் ஆடியவர், கேப்டன். சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் ஒரு வருடம் நீட்டிக்கிறோம் என்றது கிளப். அவர் இரண்டு வருடம் கேட்டார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் இறங்கி வந்து ஒரு வருடத்துக்கே சம்மதம் என்றபோது, கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு கெடு இருந்ததே தனக்குத் தெரியாது என்று 2021 ஜூன் 17 அன்று விடைபெறும்போது சொன்னார். ஆஃபர் வந்ததும் தொகையைப் பற்றி வாதாடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது எந்தத் தேதி வரைக்கும் என்பதைத்தான். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

மெஸ்ஸியும் தேதியில்தான் மாட்டினார். சீசன் முடிந்ததும் விலகிக்கொள்ளலாம் என்று பார்சிலோனாவோடு அவர் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2020-இல் கொரோனாவால் சீசன் ஆகஸ்ட் வரை நீண்டது. அவரும் ஆகஸ்ட் 25 அன்றுதான் கடிதம் அனுப்பினார். ஜூன் 10-க்குள் சொல்லியிருக்க வேண்டும், இனி போவதென்றால் 70 கோடி யூரோ கட்ட வேண்டும் என்று பார்சிலோனா மறுத்துவிட்டது. நீதிமன்றம் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். அடுத்த வருடம் ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தம் பேசி முடிந்த பிறகும், லீக்கின் நிதி விதிகளால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை என்று ஆகஸ்ட் 5 அன்று கிளப் அறிவித்தது. மெஸ்ஸிக்கே இந்தக் கதி என்றால், வாய்ப்பேச்சை நம்பி உட்காரும் மற்றவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நம்மூரில் இந்த வாய்ப்பேச்சு வாட்ஸ்அப்பில் வரும். “அடுத்த வருஷமும் நீங்கதான் தம்பி, கவலைப்படாதீங்க” என்று மேனேஜர் அனுப்பிய ஒற்றை வரியை நீட்டி, “இது போதாதாண்ணா?” என்று கேட்கிறார்கள். போதாது. அதில் எவ்வளவு என்பதும் இல்லை, எத்தனை மாதம் என்பதும் இல்லை. அந்த வரியை நம்பித்தான் வேறு அணியிலிருந்து வரும் அழைப்பைத் தட்டிக் கழிக்கிறார்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் இன்னொரு கிளப்போடு பேசிக் கையெழுத்திடவே ஃபிஃபா விதி இடம் கொடுக்கிறது. அதைத் துரோகம் என்று நினைத்து விட்டுவிடுவது சீனியர்களின் பெரிய பலவீனம்.

கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் இருப்பது இன்னொரு தவறு. கிளப்புக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 2024 நவம்பரில் சலா, லிவர்பூல் இன்னும் ஆஃபர் தரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் ஆட்டத்தை விடவில்லை. அந்த சீசன் லீக்கில் மட்டும் 29 கோல். 2025 ஏப்ரலில், 2027 வரை கையெழுத்தானது.

சம்பளம் நின்றால் உடனே பெட்டியைக் கட்டிவிடக் கூடாது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் அறிவித்து, 15 நாளாவது அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் வராவிட்டால்தான் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது ஃபிஃபாவின் பொது விதி. பெஞ்சிலேயே உட்கார வைத்தாலும் வழி உண்டு. ஒரு சீசனில் கிளப்பின் ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாக ஆடிய நிலைபெற்ற வீரர் (பயிற்சிக் காலம் முடிந்து தொழில்முறையாக ஆடுபவர்), அதைக் காரணமாகக் காட்டி விலகலாம். ஆனால் கடைசி ஆட்டம் முடிந்த 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். இங்கேயும் தேதிதான்! சொந்தச் சூழ்நிலையையும் பார்ப்பார்கள் என்பதால் இதற்கு வக்கீலைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இத்தனை ஆட்டம் ஆடினால் ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளும் என்ற பிரிவைக் கண்டு மயங்கவும் வேண்டாம். எண்ணிக்கை நெருங்கும்போது ஆட்டமே குறையலாம். 2022-இல் அத்லெடிகோ மாட்ரிட்டில் கிரீஸ்மன் பல வாரம் அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகே களமிறக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். அது நீட்டிப்பு அல்ல, வேறு கிளப்பிலிருந்து கடனாக வந்தவர் இத்தனை ஆட்டம் ஆடினால் அவரை வாங்கியே ஆக வேண்டும் என்ற பிரிவு. கணக்கு மட்டும் இதே கணக்குதான். எண்ணைக் குறைத்துக் கேளுங்கள், காயத்தில் தவறவிட்ட ஆட்டங்களை எப்படி எண்ணுவார்கள் என்பதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

அணி நிர்வாகிகளுக்கும் ஒன்று. நீட்டிக்கப்போவதில்லை என்றால் ஜனவரியிலேயே நேரில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பத்து வருடம் ஆடியவர் அதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வது அநியாயம். வழிக்குக் கொண்டுவர அவரைத் தனியாகப் பயிற்சி செய்ய வைத்து நெருக்கினால், அதையே காரணமாக்கி அவர் ஒப்பந்தத்தை முறிக்க விதி இடம் தருகிறது.