லண்டனில் ஒரு வீக்கெண்ட்: படிக்கப் போன பிள்ளைகள் செய்கிற தவறுகள்

பிரிட்டனில் வேறு ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் ஒரு கட்டம் வரும். முதல் அசைன்மென்ட் முடிந்திருக்கும், கையில் கொஞ்சம் காசு இருக்கும், "இந்த சனி ஞாயிறு லண்டன் போயிட்டு வந்துடலாமா" என்று ஃப்ளாட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். அடுத்த பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப் குரூப் ஒன்று தயார், அதில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று 22 பெயர். நானும் அப்படித்தான் போனேன். அந்த முதல் தடவை ஊரைப் பார்த்ததைவிட க்யூவில் நின்றதுதான் அதிகம். காசை மிச்சம் பிடிப்பதில் நாம் கில்லாடிகள், ஆனால் கையில் இருப்பதே ஒன்றரை நாள் என்பதை மறந்துவிட்டு ஐந்து பவுண்டுக்காக மூன்று மணி நேரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் ஒன்று: சனியும் ஞாயிறும் லண்டனில் ஒரே மாதிரி நாள் இல்லை. இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவலர் மாறும் சடங்கு அங்கே வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறுகளில்தான், அதுவும் மழை பலமாகப் பெய்தால் ரத்து. சனிக்கிழமைதான் முடியும் என்றால் ஹார்ஸ் கார்ட்ஸ் பக்கம் போங்கள். அங்கே குதிரை வீரர்கள் தினமும் மாறுகிறார்கள், ஞாயிறு 10 மணிக்கு, மற்ற நாட்களில் 11 மணிக்கு. சரி, இது போனால் போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தை வைத்திருந்தோம். ஞாயிறு அங்கே வழிபாடு மட்டும், சுற்றிப் பார்க்க விடுவதில்லை. செயின்ட் பால்ஸ் கதீட்ரலும் அப்படித்தான். (வழிபாட்டுக்கு வருகிறவர்களிடம் டிக்கெட் கேட்பதில்லை என்பது நமக்கு அப்போது தெரியாது. ஈவன்சாங் என்கிற மாலை வழிபாட்டில் ஓரமாக உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வரலாம், போட்டோ எடுக்க மட்டும் ஆசைப்படக் கூடாது.) பெரிய கடைகளும் ஞாயிறன்று சட்டப்படி ஆறு மணி நேரம்தான் வியாபாரம் செய்யலாம், பெரும்பாலும் மதியம் 12 முதல் மாலை 6 வரை. ஆகவே ஷாப்பிங்கை ஞாயிறு ராத்திரிக்குத் தள்ளாதீர்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை மாலையே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பிரிட்டிஷ் மியூசியம் அன்று இரவு 8.30 வரை, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 10 வரை திறந்திருக்கும். சனிக்கிழமைக் கூட்டம் அப்போது இருக்காது.

அப்புறம் ட்யூப் மேப், அதாவது லண்டன் சுரங்க ரெயில் வரைபடம். ஹாரி பெக் என்பவர் 1931-ல் வரைந்த வடிவத்திலிருந்து வந்தது அது, எலக்ட்ரிகல் சர்க்யூட் படம் மாதிரி நேர்கோடுகளாக இருக்கும், தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லெஸ்டர் ஸ்கொயரில் இருந்து காவென்ட் கார்டனுக்கு மேப்பில் ஒரு ஸ்டேஷன். தரையில் 300 மீட்டர் கூட இல்லை. நாங்கள் ட்யூபில் போனோம். காவென்ட் கார்டனில் இறங்கினால் லிஃப்டுக்கு முன்னால் ஒரே ஜனம். பக்கத்தில் சுழல் படிக்கட்டு, 193 படி, 15 மாடி ஏறுவதற்குச் சமம் என்று போர்டு வேறு எச்சரிக்கிறது. "படிதானே" என்று கிளம்பினோம். அறுபதாவது படியில் பேச்சு நின்றது, நூறாவது படிக்கு மேல் பின்னால் வந்தவர்களுக்கு வழிவிடுகிற சாக்கில் சுவரோடு ஒட்டி நின்றோம். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மொபைலைப் பார்த்தால், ட்யூபில் ஏறிய இடத்திலிருந்து நடை ஐந்து நிமிடம் என்கிறது. மத்திய லண்டனில் எங்கே போவதானாலும் முதலில் நடை தூரத்தைப் பாருங்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்து ஆற்றின் தென்கரையோடு டவர் பிரிட்ஜ் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர், ஊரில் பார்க்க வேண்டியதில் பாதி அந்த வழியிலேயே வந்துவிடும். போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு கோபுரத்தோடு படத்தில் வருவது டவர் பிரிட்ஜ். லண்டன் பிரிட்ஜ் என்பது பக்கத்தில் இருக்கிற, எந்த அலங்காரமும் இல்லாத வேறு பாலம். "லண்டன் பிரிட்ஜ்ல நில்லு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பாலத்தில் காத்திருந்த கதை எங்கள் குரூப்பிலும் உண்டு.

ட்யூபில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பேங்க் கார்டையோ ஆய்ஸ்டர் கார்டையோ (லண்டன் பயணத்துக்குக் காசு ஏற்றி வைக்கிற கார்டு) தட்ட வேண்டும், பஸ்ஸில் ஏறும்போது மட்டும். காலையில் பேங்க் கார்டை ஏற்றிய மொபைலில் தட்டிவிட்டு, சார்ஜ் போனதும் அதே கார்டை பர்ஸிலிருந்து எடுத்துத் தட்டினால் இரண்டும் ஒன்று என்று மெஷின் எடுத்துக்கொள்ளாது, இரண்டு முழுமை பெறாத பயணம் என்று கணக்கு வைத்து இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் போடும். பஸ்ஸில் காசு வாங்குவதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். இதைவிடப் பெரிய விட்டுப்போன விஷயம் 16-25 ரெயில்கார்டு என்கிற ரெயில் தள்ளுபடி அட்டை. "எனக்கு 27 ஆயிடுச்சே" என்று மாஸ்டர்ஸ் படிக்கிறவர்கள் அதை வாங்குவதே இல்லை. முழுநேர மாணவர் என்றால் 25-க்கு மேலும் வாங்கலாம், படிக்கிற இடத்தில் உறுதிப்படுத்தித் தர வேண்டும், அவ்வளவுதான். ரெயில் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதே ரெயில்கார்டை ஆய்ஸ்டர் கார்டோடு ட்யூப் ஸ்டேஷனில் இணைத்துக் கொண்டால் நெரிசல் இல்லாத நேரக் கட்டணத்திலும் அதே தள்ளுபடி, சனி ஞாயிறு முழுக்க அந்தக் கணக்கில்தான் வரும். பேங்க் கார்டோடு இதை இணைக்க முடியாது.

பெட்டி விஷயம். ஹாஸ்டலில் மதியத்துக்கு மேல்தான் செக்-இன், சரி, டிராலியை இழுத்துக்கொண்டே மியூசியம் பார்த்துவிடலாம் என்று தோன்றும். பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் சக்கரம் வைத்த பெட்டியை அனுமதிப்பதே இல்லை. கேட்டுக்கு வெளியே ஒருவன் ஐந்து பெட்டியைக் காவல் காக்க, நால்வர் உள்ளே போய்வந்து, பிறகு அவன் தனியாகப் போகிற காட்சியை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். இரண்டு நாளைக்கு முதுகில் மாட்டுகிற பை போதும்.

உள்ளே போனதும் அடுத்த பேராசை. அங்கே காட்சிக்கு இருப்பது மட்டும் 80,000 பொருள் போல. நுழைவு இலவசம் என்பதால் எல்லா அறையையும் முடித்தே தீருவேன் என்று நடக்கிறவர்கள் மூன்றாவது மணி நேரத்தில் பெஞ்ச் தேடுகிறார்கள். ரொசெட்டா கல், அப்புறம் அமராவதிச் சிற்பங்கள், ஒரு மணி நேரம், வெளியே வந்துவிடுங்கள். அமராவதி அறைக்கு அவ்வளவாக யாரும் வருவதில்லை, கிருஷ்ணா நதிக்கரைக் கற்களோடு தனியாக நிற்கலாம். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கிறது, வெள்ளைக்காரச் சிப்பாயைக் கடித்துக்கொண்டு. அதுவும் இலவசம்தான், என்னைக் கேட்டால் காசு கொடுத்துப் பார்க்கிற பல இடங்களைவிட மேல். உயரமான கட்டட உச்சியில் இருக்கிற ஸ்கை கார்டன் மாதிரி இலவச இடங்களுக்கு முன்பதிவு வேண்டும், வெள்ளிக்கிழமை ராத்திரி தேடினால் கிடைக்காது.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மூன்று கப்பைக் கவிழ்த்து உருட்டிக்கொண்டிருப்பார்கள். அது நம்ம மூணு சீட்டுதான். ஜெயிப்பவர்கள் எல்லாரும் அவர்கள் ஆட்கள். ரோட்டோரம் நின்று மேப் பார்க்காதீர்கள், சைக்கிளில் வந்து போனைப் பிடுங்கிப் போகிறவர்கள் உண்டு, கடை வாசலுக்குள் ஒதுங்கிப் பாருங்கள். விளக்கு போட்ட ரிக்‌ஷாவில் ஏறுவதற்கு முன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு. நாக்கு செத்துப் போயிருக்கும், ஈஸ்ட் ஹாமில் நம்ம கடைகள் இருக்கின்றன, நியாயம்தான். ஆனால் மதியம் ஒரு மணிக்குப் பரோட்டாவுக்காக நகர மத்தியிலிருந்து கிளம்பினால் போய்வந்து சாப்பிட்டு முடிக்க மூன்று மணி நேரம், டிசம்பர் என்றால் நான்கு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், பகல் அதோடு முடிந்தது. ராத்திரிக்குப் போங்கள்.

கடைசியாகத் திரும்பி வருகிற டிக்கெட். அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் அந்த ஒரு ரெயிலுக்கு மட்டும்தான் செல்லும், தவறவிட்டால் புதிதாக வாங்க வேண்டும். தண்டவாள வேலைகளையும் வார இறுதியில்தான் வைத்துக்கொள்வார்கள், அதனால் வெள்ளிக்கிழமையே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. ஞாயிறு இரவு பாதி வழியில் இறக்கிவிட்டு, மீதி தூரத்துக்குப் பஸ் என்றார்கள். ரூமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே கால், காலை ஒன்பதுக்கு லேப்.