நல்ல காளான், கெட்ட மண்: காட்டுக் காளான் பறிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லோவேனியாவில் கூடையும் கத்தியுமாகக் காட்டுக்குக் காளான் பறிக்கக் கிளம்புவது பழைய வழக்கம். ஓர் ஆள் ஒரு நாளில் 2 கிலோவுக்கு மேல் பறிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. நச்சுக் காளானை ஒதுக்கத் தெரிந்தவர்கள்கூட ஓரிடத்தில் தவறிவிடுகிறார்கள்: உண்ணத்தக்க இனம் என்று உறுதியானதும் கூடையில் போட்டுவிடுகிறார்கள். அது எந்த மண்ணில் முளைத்தது, அந்த மண்ணிலிருந்து நச்சு உலோகம் ஏறியிருக்குமா என்று கேட்பதில்லை.

அந்நாட்டின் இத்ரியா நகரில் 1490 முதல் ஏறக்குறைய 500 ஆண்டுகள் பாதரசம் எடுத்தார்கள். தாதுவை உலையில் வறுத்தபோது பிடிபடாத ஆவி புகைபோக்கி வழியே வெளியேறி மலைச்சரிவுகளில் படிந்தது. இன்று அந்தச் சுரங்கம் இயங்கவில்லை. 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் 'ஆலைதான் மூடியாயிற்றே' என்று நிம்மதி அடையாதீர்கள். மட்கிய இலைகளோடு ஒட்டிய பாதரசம் மேல்மண்ணில் நெடுங்காலம் தங்கும். காளானின் இழைகள் உணவு தேடிப் பரவுவதும் அதே மேல்மண்ணில்தான்.

குடைக்காளானையே பாருங்கள். ஸ்லோவேனியர்களும் அதைக் குடையின் பெயரால்தான் அழைக்கிறார்கள். விரிந்த தொப்பி சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும். அதை முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, முழுதாகப் பொரிப்பார்கள். நார்நாரான தண்டை வீசிவிடுவார்கள். பாதரசமோ தண்டைவிடத் தொப்பியில்தான் அதிகம் சேர்கிறது. ருசிக்காக நாம் வைத்துக்கொள்ளும் பகுதியிலேயே நஞ்சும் கூடுதல்.

கழுவினால் மேலே படிந்த தூசி போகும்; சதைக்குள் சேர்ந்த உலோகம் போகாது. வேகவைத்து நீரை வடித்தால் ஓரளவு குறையலாம், அதை நம்பிச் சமைக்க முடியாது. புழு தின்றிருப்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. காயவைத்தால் நிலைமை இன்னும் மோசம். பச்சைக் காளானில் 90 சதவீதம் நீர். ஒரு கிலோ காய்ந்து 100 கிராம் ஆகும்போது உலோகம் முழுவதும் அந்த 100 கிராமில் நிற்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, 'பல வருடமாகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே' என்ற பேச்சு. பாதரசத்தைப் போலவே காளானில் சேரும் இன்னொரு நச்சு உலோகமான காட்மியம், வாந்தியாகவோ வயிற்றுப்போக்காகவோ அன்றே எச்சரிக்காது. சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டுகள் தங்கும். மொட்டுக் காளானின் காட்டு உறவினங்களில், நசுக்கினால் மஞ்சளாகும் சில, தூய காட்டிலேயே காட்மியத்தைச் சேர்ப்பவை. உலர் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 250 கிராம் பச்சைக் காளான் ஒரே வேளையில் 500 மைக்ரோகிராம் காட்மியத்தைக் கொடுத்துவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் வகுத்த தாங்கத்தக்க உச்ச அளவோ, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2.5 மைக்ரோகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரம் முழுவதற்கும் 150.

உருக்காலை, பழைய சுரங்கம், கழிவுக் குவியல், நெரிசலான சாலையோரம் ஆகியவற்றின் பக்கம் கூடையை எடுத்துப் போகாதீர்கள். யாராவது உலர்ந்த காளானைப் பாட்டிலில் நிரப்பி அன்போடு கொடுத்தால், எந்தச் சரிவில் பறித்தது என்று தயங்காமல் கேளுங்கள். தெரியவில்லை என்றால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைப் பரிமாற வேண்டாம்.