அணுவாதம்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சிக்கலான எதையும் அதற்குமேல் பிரிக்க இயலாத சிறு கூறுகளாகப் பகுத்து, அவை சேரும் விதத்தைக் கொண்டே முழுமையை விளக்குவது அணுவாதம். வேதியியல், உளவியல் இரண்டிலும் இதே சொல் வருவதால்தான் இத்தனை குழப்பம்.

உளவியல் அணுவாதம் மூளையில் உள்ள அணுக்களைப் பற்றியது என்று எழுதிவிடாதீர்கள். இங்கே அணு என்பது எளிய புலனுணர்வு. எலுமிச்சையின் மஞ்சள், புளிப்பு, குளிர்ச்சி ஆகியவை கூடித்தான் எலுமிச்சை என்ற அனுபவம் உண்டாகிறது என்பது வாதம். உளவியலாளர் டிட்சனர் இப்படி 44,000-க்கும் மேற்பட்ட புலனுணர்வுக் கூறுகளைக் கணக்கிட்டார். அதற்காக, 1879-இல் லைப்சிக்கில் ஆய்வகம் தொடங்கிய அவருடைய ஆசிரியர் வூண்ட்டையும் வெறும் கூட்டல்காரராக எழுதுவது தவறு. கூறுகள் சேரும்போது, தனித்தனியே அவற்றில் இல்லாத பண்பு பிறக்கிறது என்றார் அவர்.

மிகப் பரவலான பிழை இது: ‘முழுமை, பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது’ என்று கெஸ்டால்ட் கொள்கையை (முழுமையையே முதலில் உணர்கிறோம் என்று அணுவாதத்தை எதிர்த்த உளவியல் பிரிவின் கொள்கையை) எழுதுவது. அந்தப் பிரிவைச் சேர்ந்த உளவியலாளர் காஃப்கா சொன்னது ‘வேறானது’ என்றுதான். பெரியது என்றால், பகுதிகளை முதலில் உணர்கிறோம், பிறகு ஏதோ ஒன்று கூடுகிறது என்றாகிவிடும். எதை எதிர்க்க வந்தார்களோ அந்த அணுவாதமே உள்ளே புகுந்துவிடும். ஒரு கட்டைச் சுருதியில் பாடிய பல்லவியை ஐந்து கட்டையில் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் மாறுகிறது, மெட்டு மாறுவதில்லை. மெய்யியலாளர் ஏரன்ஃபெல்ஸ் 1890-இல் மெட்டைக் காட்டியே இந்தக் கேள்வியை எழுப்பினார். 1912-இல் கெஸ்டால்ட் உளவியலாளர் வெர்தைமர் இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி சுமார் 200 மில்லிவினாடி என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. 30 என்றால் ஒருசேரத் தெரிந்தன. 60 அளவில் ஒரே கோடு நகர்ந்தது. அந்த நகர்வு எந்தக் கோட்டிலும் இல்லை.

1897-இல் எலக்ட்ரான் கண்டறியப்பட்டதும் அறிவியல் அணுவாதம் பொய்த்துவிட்டது என்பதும் சரியல்ல. பகுபடாத தன்மைதான் போனது. 12 கிராம் கார்பன், 16 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராமுடன் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. வேதியியலாளர் டால்டன் அணுவைக் கொண்டு விளக்கிய, ஆக்சிஜன் எடைகளின் இந்த முழு எண் விகிதம் (1:2) இன்றும் நிற்கிறது.

மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகர் (பழைய சமயம் ஒன்றைச் சேர்ந்தவர்) பேசும் அணுவை டால்டனின் அணுவோடு ஒட்டவைக்கவும் வேண்டாம். அங்கே நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றோடு உயிரும் அணு; முதல் நான்கையும் அறிவது உயிர். பூதமாகும்போது அவை சேரும் அளவு ஒன்று, முக்கால், அரை, கால். அது நிறுத்துப் பார்த்த எடை அல்ல. தனி அணு ஏன் கண்ணுக்குப் படுவதில்லை என்பதற்கு அந்நூல் தரும் உவமை அருமையானது: மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, மயிர்த்திரள் தெரியும்.