உங்கள் பைதான் மாட்யூலை டெபியனில் சேர்ப்பது எப்படி? காப்பிரைட் கோப்பில் சறுக்காமல் நியூ வரிசையைத் தாண்ட

லாஸ்பேட்டையிலும் மஞ்சக்குப்பத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவைத்த நல்ல மாட்யூல்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்தால் வந்து இறங்கும் இடத்துக்கு அவை போவதில்லை. நிரல் சரியில்லாததால் இப்படி நடப்பது குறைவு. டெபியனில் (கட்டற்ற லினக்ஸ் இயங்குதளம்) புதிய மாட்யூலைப் பரிசீலிப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதற்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் வந்தது? அதற்குப் பதில் வைத்திருப்பவர்களின் மாட்யூல் உள்ளே போகிறது. இந்தப் பதிவில் அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

கிட், பைதான், டெர்மினல் மூன்றும் கைவரும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை மாட்யூல், பெயர் 'கீழ்வாய்'. மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று பழைய பின்னங்களைக் கணக்கிடுவது அதன் வேலை. (பண்ருட்டிப் பக்கத்து வாசகர்களுக்கு: இது தோப்பில் காய்க்கிற முந்திரி இல்லை, 320-ல் ஒரு பங்கு.) இந்தப் பின்னக் குறிகளுக்கு 2019-ல் வந்த யூனிகோட் 12.0-ல்தான் இடம் கிடைத்தது. பல கணினிகளில் அவற்றுக்கு எழுத்துரு இருக்காது. அதனால் மாட்யூலுக்குள்ளேயே ஓர் எழுத்துருவைப் போட்டு அனுப்பத் தோன்றும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

முதல் படி: ஐடிபி

'இதைப் பேக்கேஜ் செய்யப்போகிறேன்' என்று ஊரறியச் சொல்வதுதான் ஐடிபி. டபிள்யூஎன்பிபி என்ற பெயரில் ஒரு பக் ரிப்போர்ட்டாக அது பதிவாகும். அதற்கு முன் அதே மாட்யூலுக்கு வேறு யாராவது ஐடிபி போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அவருக்கு எழுதி, சேர்ந்து செய்யலாமா என்று கேளுங்கள். அநேகமாக மகிழ்வார்கள்.

'ரிப்போர்ட்பக்' கருவியில் செய்வது எளிது. மெயிலாகவும் அனுப்பலாம், ஆனால் அதில் இரண்டு இடம் இடறும். பேக்கேஜ், சிவியாரிட்டி, ஓனர் என்ற தலைப்பு வரிகள் மெயிலின் உடலில் முதல் வரியிலிருந்தே தொடங்க வேண்டும். வணக்கம் சொல்லிவிட்டுத் தொடங்கினால் எந்தப் பேக்கேஜுக்கான மெயில் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அடுத்தது, மெயில் வெறும் எழுத்தாகப் போக வேண்டும். ஜிமெயிலில் 'ப்ளெயின் டெக்ஸ்ட் மோட்' இருக்கிறது, அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். சிவியாரிட்டி 'விஷ்லிஸ்ட்'.

பதிலாக ஒரு பக் எண் வரும். அதைக் குறித்து வையுங்கள். சேஞ்ச்லாக் என்ற மாற்றக் குறிப்புக் கோப்பின் முதல் பதிவில் 'க்ளோசஸ்' என்று போட்டு அந்த எண்ணை எழுத வேண்டும்.

இரண்டாம் படி: டெபியன் அடைவு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விளக்கம் எங்கும் கிடைக்கும். டெவ்ஸ்க்ரிப்ட்ஸ், டிஹெச்-பைதான், லிண்டியன் (பேக்கேஜில் குறை தேடும் கருவி), எஸ்பில்ட், கிட்-பில்ட்பேக்கேஜ் ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். 'டிஹெச்_மேக்' வேண்டாம் என்பது என் கருத்து. அது கொட்டும் மாதிரிக் கோப்புகளில் முக்கால்வாசியை அழிக்க வேண்டியிருக்கும், ஒன்றை அழிக்க மறந்தாலும் பரிசீலனையில் குறையாக வந்து நிற்கும். டெபியன் பைதான் குழு பராமரிக்கும் சிறிய பேக்கேஜ் ஒன்றை சால்சாவில் (டெபியனின் கிட் தளம்) திறந்து, அதைப் பார்த்துக் கண்ட்ரோல், ரூல்ஸ், வாட்ச் மூன்றையும் கையால் எழுதுங்கள். ஒரு மாலை போதும், எந்த வரி எதற்கு என்பதும் விளங்கிவிடும். ரூல்ஸ் கோப்பில் உள்தள்ளல் டேப் எழுத்தாக இருக்க வேண்டும். இடைவெளி போட்டால் நின்றுவிடும்.

சொந்தக் கணினியில் நேரடியாகக் கட்டிவிட்டு 'ஓடுகிறது' என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். எஸ்பில்டில் கட்டுங்கள். அது ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்ட வெற்று டெபியனில் கட்டும். பில்ட்-டிபெண்ட்ஸில் (கட்டத் தேவையானவற்றின் பட்டியல்) எழுத மறந்ததெல்லாம் அங்கே தெரிந்துவிடும். கட்டும்போது இணையத்தைத் தொடக்கூடாது என்பது டெபியன் விதி. டெஸ்ட் ஓடும்போது பைபையிலிருந்து (பைதான் மாட்யூல்களின் இணையக் களஞ்சியம்) எதையாவது இறக்கினால் அந்த டெஸ்டை மாற்ற வேண்டும், இல்லையென்றால் தவிர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: காப்பிரைட் கோப்பு

'டெபியன்/காப்பிரைட்' என்ற இந்த ஒரே கோப்புக்காகத்தான் புதிய பேக்கேஜ்கள் அதிகம் திரும்பி வருகின்றன. ரெபாசிட்டரியின் உச்சியில் எம்ஐடி லைசென்ஸ் இருப்பதைப் பார்த்துவிட்டு, 'எல்லாக் கோப்பும் எம்ஐடி' என்று ஒரே பத்தி எழுதி முடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

முதலில் 'லைசென்ஸ்செக்'கை எல்லா அடைவுகளுக்குள்ளும் போகச் சொல்லி ஓட்டுங்கள். அது நிரல் கோப்புகளின் தலைப்பைத்தான் படிக்கும். பிறகு 'கிரெப்' வைத்து 'காப்பிரைட்' என்ற சொல்லை எழுத்துப் பேதம் பாராமல் தேடுங்கள். இவ்விரண்டிலும் சிக்காதவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்: எழுத்துரு, படம், டெஸ்ட் தரவு, ஆவணப் பக்கத்துக்காகப் போட்ட சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட். கீழ்வாய் அளவுள்ள மாட்யூலில் ஐம்பது அறுபது கோப்புகளுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ் மாட்யூல்களில் மூன்று பொருள்கள் அடிக்கடி மாட்டும்.

எழுத்துரு. 'இலவசம்' என்று போட்டிருக்கும் பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் மாற்றவும் மறுவிநியோகம் செய்யவும் அனுமதி இருக்காது. காசு வாங்காதது வேறு, கட்டற்றது வேறு. ஓஎஃப்எல் என்ற கட்டற்ற எழுத்துரு உரிமம் உள்ளதானால் டெபியனுக்குச் சரி. அப்போதும் மாட்யூலுக்குள் பிரதி வைப்பதை விரும்பமாட்டார்கள். லோஹித் தமிழ், நோட்டோ இரண்டும் டெபியனில் தனிப் பேக்கேஜாக இருக்கின்றன. உள்ளே இருக்கும் பிரதியை நீக்கிவிட்டு அந்தப் பேக்கேஜைச் சார்புப் பட்டியலில் எழுதுங்கள்.

சொற்பட்டியல். விக்சனரியிலிருந்து எடுத்தது சிசி பிஒய்-எஸ்ஏ, அதற்குத் தனிப் பத்தி எழுதினால் போதும். 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற நிபந்தனையுள்ள பட்டியல் டெபியனின் மெயின் பகுதிக்குள் வரவே முடியாது. எந்தத் துறையில் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது டெபியன் கட்டற்ற மென்பொருள் நெறிகளின் 6-ஆவது விதி. சாரத்தில் கடை வைத்திருப்பவரும் அதே மாட்யூலைத் தன் பில் போடும் கணினியில் ஓட்ட முடிய வேண்டும்.

டெஸ்ட் தரவு. புதுச்சேரிக்காரர்கள் பாரதிதாசன் வரிகளை டெஸ்டில் போடுவது இயல்பு. அவர் மறைந்தது 1964-ல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. எனவே அவர் வாழ்நாளில் வெளியானவற்றுக்கு இங்கே அந்தக் காலம் 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் டெபியன் உலகம் முழுதும் பிரதியாகிறது, பல நாடுகளில் அந்தக் கணக்கு 70 ஆண்டு. இதையெல்லாம் பரிசீலிப்பவரிடம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, 'திருப்பாதிரிப்புலியூரில் அரைமா நிலம்' என்று நீங்களே நாலு வாக்கியம் எழுதிப் போட்டுவிடுங்கள். டெஸ்டுக்கு அது போதும்.

நீக்க வேண்டிய கோப்புகளைக் கையால் அழித்துவிட்டு மூலத்தைத் திரும்பக் கட்டாதீர்கள். காப்பிரைட் கோப்பின் தலைப்புப் பத்தியில் 'ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்' என்று எழுதி அவற்றின் பெயரைக் கொடுத்தால், 'யூஸ்கேன்' கருவி மூலத்தை இறக்கும்போதே நீக்கிவிடும். கட்டற்றது அல்லாததை நீக்கினால் பதிப்பெண்ணோடு '+டிஎஃப்எஸ்ஜி' சேர்ப்பது வழக்கம். உரிமம் சரிதான், தேவையில்லாததால் நீக்கினோம் என்றால் '+டிஎஸ்'. இதைவிட நல்ல வழி, மூல ஆசிரியரிடம் பேசி அடுத்த வெளியீட்டிலேயே எடுக்கச் செய்வது. மூல ஆசிரியர் நீங்களேயானால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இனி கோப்பின் இலக்கணம். மூன்றே விதிகள்தான், மூன்றிலும் கால் இடறும்.

ஒரு கோப்பு இரண்டு பத்திகளுக்குப் பொருந்தினால் பின்னால் வரும் பத்திதான் செல்லும். ஆகவே 'எல்லாக் கோப்பும்' என்ற நட்சத்திரப் பத்தி முதலில் வர வேண்டும், 'டெபியன்' அடைவுக்கானதும் மற்றத் தனிப் பத்திகளும் அதற்குக் கீழே. நட்சத்திரத்தைக் கடைசியில் வைத்தால் மேலே எழுதியது அத்தனையும் அடிபட்டுப்போகும்.

உரிம வாசகத்துக்கு நடுவே வெற்று வரி விடக்கூடாது. வெற்று வரி வந்தால் பத்தி முடிந்ததாகப் பொருள். அந்த இடத்தில் ஓர் இடைவெளியும் ஒரு புள்ளியும் வையுங்கள்.

ஜிபிஎல் வகை உரிமங்களின் முழு வாசகம் எல்லா டெபியனிலும் 'காமன்-லைசென்ஸஸ்' அடைவில் இருக்கிறது. அனுமதி வாசகத்தை மட்டும் எழுதி, முழுவதும் எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும். எம்ஐடி அங்கே இல்லை. அதை முழுதாக ஒட்ட வேண்டும், டெபியனில் அதன் பெயரும் 'எக்ஸ்பாட்'. ஜிபிஎல்-3, ஜிபிஎல்-3+ இரண்டும் வேறு. 'அல்லது பின்வரும் பதிப்பு' என்று மூலத்தில் இருந்தால்தான் கூட்டல் குறி போடலாம்.

நான்காம் படி: ஸ்பான்சர்

டெபியனுக்குள் ஏற்றும் உரிமை டெபியன் டெவலப்பர்களிடம் இருக்கிறது. புதியவருக்காக அவர்களில் ஒருவர் உங்கள் பேக்கேஜைப் பார்த்து, தன் கையெழுத்தில் ஏற்றுவார். அவர்தான் ஸ்பான்சர். ஜிபிஜி சாவி ஒன்றை உருவாக்கி, ஸ்பான்சர் தேடுபவர்களுக்கான மென்டர்ஸ் தளத்தில் பதிந்து, 'டிபுட்' என்ற கருவி வழியாக ஏற்றுங்கள். பிறகு 'ஸ்பான்சர்ஷிப்-ரிக்வெஸ்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு பக் ரிப்போர்ட் போட வேண்டும். பைதான் மாட்யூல் என்றால் பைதான் குழுவில் சேர்ந்து அங்கே கேட்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்த வகைப் பேக்கேஜை நாள்தோறும் பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அனுப்பும் முன் லிண்டியனைப் பெடான்டிக் அளவு வரை காட்டச் சொல்லி ஓட்டுங்கள். வரும் எச்சரிக்கையைப் புரியாமல் ஓவர்ரைடு போட்டு மறைக்காதீர்கள். மறைத்ததைத்தான் பரிசீலிப்பவர் முதலில் திறப்பார்.

மெயில் எழுதும் முறை பற்றி ஒன்று. கல்லூரி விடுப்புக் கடிதம் போல 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்க வேண்டியதில்லை, பெயர் சொல்லி எழுதுவதுதான் அங்கே மரியாதை. அவர் பத்துக் குறை சொல்லியிருந்தால் ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டி, அதன் கீழேயே 'சரிசெய்தேன்' என்றோ 'இந்தக் காரணத்தால் இப்படியே விட்டிருக்கிறேன்' என்றோ எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாததையும் காரணத்தோடு சொல்லலாம். ஒன்றைத் தொடாமல் விட்டால் நீங்கள் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: நியூ வரிசை

ஸ்பான்சர் ஏற்றிய பிறகும், பெயர் புதிது என்றால் பேக்கேஜ் நேரே உள்ளே போகாது. டெபியனின் பரிசீலனைக் குழுவினர் கையால் சோதிக்கும் நியூ வரிசையில் நிற்கும். பேக்கேஜின் பெயர் பொருத்தமா, காப்பிரைட் கோப்பில் உள்ளதும் மூலத்தில் உள்ளதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். சில நாளிலும் முடியலாம், சில மாதமும் ஆகலாம். வரிசை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது, நினைவூட்டல் மெயில் அனுப்பத் தேவையில்லை.

இந்த வரிசைக்கு மட்டும் மூலத்தோடு கட்டிய பைனரியும் சேர்ந்து போக வேண்டும். ரிஜெக்ட் வந்தால் கலங்காதீர்கள், என்ன குறை என்று கோப்புப் பெயரோடு எழுதுவார்கள். திருத்தி, அதே -1 என்ற பதிப்பிலேயே மீண்டும் ஏற்றச் சொல்லலாம், அந்தப் பதிப்பு இன்னும் களஞ்சியத்துக்குள் போகவில்லை அல்லவா.

அக்செப்ட் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மாட்யூல் அன்ஸ்டேபிளில் (புதியவை முதலில் வந்து சேரும் பகுதி) அப்படியே நின்றுவிடும். டெபியனின் சொந்தக் கட்டு இயந்திரத்தில் கட்டாத பைனரி அடுத்த கட்டமான டெஸ்டிங்குக்கு நகராது. சேஞ்ச்லாகில் -2 போட்டு, 'சோர்ஸ் மட்டும்' என்று ஒரு முறை ஏற்ற வேண்டும். வேறு தடையில்லை என்றால், வழக்கமான மீடியம் அவசரத்தில் அதிலிருந்து 5 நாளில் டெஸ்டிங்குக்குப் போகும்.

பின்சேர்க்கை

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: 'என் ஜிபிஜி சாவியில் யாரும் கையெழுத்திடவில்லை, மென்டர்ஸில் ஏற்றலாமா?' ஏற்றலாம். அங்கே சாவி, ஏற்றுவது நீங்கள்தான் என்று காட்ட மட்டுமே. பின்னாளில் டெபியன் மெய்ன்டெய்னராக விண்ணப்பிக்கும்போதுதான் டெபியன் டெவலப்பரின் கையெழுத்து வேண்டும். அதற்குப் பெரும்பாலும் நேரில் பார்த்தாக வேண்டும். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற சிறிய டெபியன் மாநாடு நடந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் பெரிய மாநாடான டெப்கான்ஃப். இப்படி ஒரு கூட்டம் பக்கத்தில் வரும்போது சாவியின் கைரேகை எண்ணைத் தாளில் அச்சிட்டு, அடையாள அட்டையோடு போங்கள்.

இன்னொன்று, ஐடிபி போட்டுவிட்டு நடுவில் தேர்வு வந்துவிட்டால் என்ன செய்வது என்பது. கார்த்திகை மழையில் மின்சாரம் போய் வாரக்கணக்கில் உட்கார முடியாமல் போனாலும் இதே பதில்தான். அந்தப் பக் எண்ணுக்கு 'இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். விட்டுவிடுவதாக முடிவு செய்தால், தலைப்பில் ஐடிபி என்பதை ஆர்எஃப்பி ('யாராவது பேக்கேஜ் செய்யுங்கள்' என்ற வேண்டுகோள்) என்று மாற்றி, ஓனர் பெயரையும் எடுத்துவிடுங்கள். உங்கள் பெயர் அங்கே இருக்கும்வரை வேறொருவர் தொடத் தயங்குவார். சால்சாவில் அதுவரை செய்ததை ஏற்றிவைத்து, அதன் முகவரியையும் அந்த வரியிலேயே கொடுங்கள்.