ஆடிப்பட்டம் அங்கே செல்லாது: கொங்கிலிருந்து குளிர்நாடு போனவர்களுக்கு

ஏப்ரல் பாதியில் நாலு நாள் சேர்ந்தாற்போல வெயில் அடித்தால் போதும், பெரிய கடைகளின் வாசலில் தக்காளி, மிளகாய் நாத்துத் தட்டுகள் வந்து இறங்கிவிடும். டொராண்டோ, சிகாகோ, நியூ ஜெர்சி, எங்கேயும் இதே கதைதான். ஊரை விட்டு வந்த முதல் வருசம், மண்ணைத் தொட்டே ஆறு மாசம் ஆகியிருக்கும், கை துறுதுறுவென்று இருக்கும். வாங்காதீங்க. அந்த நாத்து ராத்திரிக் குளிரில் கருகினால் கடைக்காரருக்கு நட்டமில்லை. மே கடைசியில் மறுபடியும் அவரிடம்தான் போய் நிற்கணும்.

நம்ம பக்கம் பட்டம், அதாவது விதைக்கிற பருவம், என்பது தண்ணிக் கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்தோடு சாரல் வந்தால் ஆடி விதைப்பு. ஆகஸ்ட் 15 வாக்கில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டால் நாத்தங்கால். தைப்பட்டம் கிணத்தைப் பொறுத்தது. கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் தக்காளியை விலைதான் கொல்லும், குளிர் கொல்லாது. குளிர்நாட்டில் குழாயைத் திறந்தால் தண்ணி வரும். அங்கே தட்டுப்பாடு ராத்திரிச் சூட்டுக்குத்தான். அதனால் பட்டத்தை மழையை வைத்துப் பார்க்கிற பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு, ரெண்டு தேதியைப் பிடித்துக்கொள்ளுங்க: வசந்தத்தில் கடைசி உறைபனி விழுகிற நாள், இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி விழுகிற நாள். உறைபனி என்றதும் மார்கழி விடியக்காலைப் பனியை நினைக்க வேண்டாம். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடக்குமே, அது.

தேதி எடுப்பது அஞ்சு நிமிச வேலை. அமெரிக்காவில் நோவா என்ற அரசு வானிலை அமைப்பு 1991 முதல் 2020 வரையான பதிவுகளை வைத்து ஒவ்வொரு வானிலை நிலையத்துக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. கனடாவிலும் அப்படியே உண்டு. தோராயமாகச் சொன்னால் கடைசி உறைபனி டல்லாஸில் மார்ச் நடுவில், மத்திய நியூ ஜெர்சியில் ஏப்ரல் கடைசியில், சிகாகோ நகரத்தில் ஏப்ரல் கடைசியில், அதன் புறநகரில் மே முதல் பாதியில். டொராண்டோவில் ஏரியோரம் மே தொடக்கம், பிராம்ப்டன் மாதிரி ஏரியை விட்டுத் தள்ளிய இடங்களில் மே நடு. நாத்துச் சீட்டில் ‘ஸோன்’ என்று ஒரு எண் இருக்கும். அதை வைத்து நடவுத் தேதி பார்க்காதீங்க. குளிர்காலத்தின் ஆகக் கடுமையான ராத்திரி எவ்வளவு இறங்கும் என்பதன் சராசரி அது, வருசக்கணக்கில் நிற்கிற ரோஜா, ஆப்பிளுக்கு உதவும். டல்லாஸும் சியாட்டிலும் ஏறக்குறைய ஒரே ஸோன். டல்லாஸில் வெண்டை ஆளுயரம் வளரும். சியாட்டிலில் ஜூலையிலும் ராத்திரி 13, 14 டிகிரி செல்சியஸுக்கு இறங்கி, வெண்டை முழங்கால் உயரத்தில் நின்றுவிடும்.

இனிமேல்தான் எல்லாரையும் கவிழ்க்கிற இடம். ‘கடைசி உறைபனி ஏப்ரல் 28’ என்று படித்ததும் ஏப்ரல் 29 அன்று நடலாம் என்று மனசு சொல்லும். அந்தத் தேதி ஒரு சராசரி. முப்பது வருசத்தில் பாதி வருசங்களில் அதற்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது. அன்றைக்கு நடுவது காசைச் சுண்டிப் பார்க்கிற கணக்குதான். நோவா அட்டவணையில் 50 சதவீதத் தேதிக்குப் பக்கத்திலேயே 10 சதவீதத் தேதியும் இருக்கும். அதாவது பத்து வருசத்தில் ஒரு வருசம் மட்டும் அதைத் தாண்டி உறைபனி வரும். பெரும்பாலான ஊர்களில் ரெண்டுக்கும் நடுவே ரெண்டு வாரம் போல இடைவெளி. தக்காளிக்கு அந்த ரெண்டாவது தேதியை எடுங்க. கத்தரி, மிளகாய், கொடிக்காய்களுக்கு அதன் மேல் இன்னும் ஒரு வாரம்.

உள்ளூர்ப் பெரியவர்கள் இதை அட்டவணை பார்க்காமலே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். டொராண்டோவில் விக்டோரியா டே, அதாவது மே 25-க்கு முந்தின திங்கட்கிழமை, தாண்டித்தான் தக்காளியை வெளியே வைப்பார்கள். ஜெர்மனியில் மே 11 முதல் 15 வரை ‘ஐஸ்ஹைலிகே’ (பனிப் புனிதர்கள்) என்று அஞ்சு நாள், 15-ஆம் தேதி சோஃபி என்ற புனிதரின் நாள் போன பிறகுதான் நடவு. மெல்போர்னில் காலம் தலைகீழ் என்பதால் நவம்பர் முதல் செவ்வாய், குதிரைப் பந்தய நாள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதற்கு அவரவர் ஊர் வடிவம் இது. பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா நடுகிற நாளில் நீங்களும் நடுங்க. யூட்யூபில் கலிஃபோர்னியாக்காரர் சொல்கிற நாள் உங்கள் ஊருக்கு ஆகாது.

சராசரி போக, இன்னொரு ஓட்டையும் இருக்கு. கைபேசி ‘இன்று ராத்திரி 3 டிகிரி’ என்று காட்டினால், பூச்சியத்துக்கு மேலே தானே என்று தூங்கிவிடுவோம். அந்த 3 டிகிரி விமான நிலையத்திலோ வேறெங்கோ, ஆள் உயரத்தில் நிழற்பெட்டிக்குள் அளந்தது. வானம் தெளிந்து, காத்து அடங்கிய ராத்திரியில் மண் தன் சூட்டை மேலே விட்டுவிடும். அப்போது தரையோரக் காத்து அந்த அளவைவிட 2 முதல் 4 டிகிரி வரை குறைவாக இருக்கும். உங்கள் நாத்து நிற்பது தரையில். எனவே மேகமில்லை, காத்தில்லை, 4 டிகிரிக்குக் கீழே என்ற மூன்றும் சேர்ந்தால் அது உறைபனி ராத்திரி என்றே எடுத்துக்கொள்ளுங்க. மேகம் மூடியிருந்தாலோ காத்து வீசினாலோ அதே 3 டிகிரியில் செடி தப்பிவிடும். குளிர்ந்த காத்து கனமானது, தண்ணி மாதிரியே பள்ளத்துக்கு ஓடும். நீலகிரியில் பள்ளத்துத் தேயிலை கருகி, மேட்டுத் தேயிலை தப்புவது இதனால்தான். கொல்லையின் தாழ்ந்த மூலை, வேலி மறித்த இடம் ரெண்டிலும் தக்காளி வேண்டாம். தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரம் நல்ல இடம், பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பிக் கொடுக்கும்.

நட்ட பிறகு அப்படி ஒரு ராத்திரி வந்துவிட்டால், மத்தியானமே வேரடிக்குத் தண்ணி விடுங்க. ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். பொழுது சாயும் முன்னே பழைய பெட்ஷீட்டோ வேட்டியோ போர்த்தி, ஓரங்கள் தரையைத் தொடும்படி கல் வையுங்க. மண்ணிலிருந்து ஏறுகிற சூடு உள்ளே நிற்கணும். செடித் தலையில் மட்டும் கட்டி வைத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. பிளாஸ்டிக் தாள் இலையில் படக்கூடாது, பட்ட இடம் கருகும். ரெண்டு மூன்று குச்சி ஊன்றி அதன் மேல் போடுங்க. ஒற்றைச் செடிக்கு வாளியைக் கவிழ்த்தால் போதும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடணும். விட்டுவிட்டால் பகலில் உள்ளேயே வெந்துபோகும். இந்த ஏற்பாடெல்லாம் ரெண்டு மூன்று டிகிரிக்குத்தான் தாங்கும். மைனஸ் 3, மைனஸ் 4 என்றால் சட்டியோடு வீட்டுக்குள் தூக்க முடிந்ததுதான் மிஞ்சும்.

உறைபனியே விழாவிட்டாலும் குளிர்ந்த மண் செடியைக் கெடுக்கும். வெண்டை விதை முளைக்க மண் 30 டிகிரியில் இருந்தால் 7 நாள், 25-ல் 13 நாள், 20-ல் 17 நாள், 15-ல் 27 நாள். இருபத்தேழு நாள் ஈர மண்ணில் கிடக்கிற விதை பெரும்பாலும் அழுகித்தான் போகும். ‘விதை சரியில்லை’ என்று பொட்டலத்தைத் திட்டுவோம். மண்ணில் குத்துகிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்க, ஒருவேளைக் காப்பிச் செலவுக்கு மேல் ஆகாது. காலை எட்டு மணிக்கு ஒரு சாண் அளவில் பாதி ஆழத்துக்குச் செருகி, தொடர்ந்து நாலு நாள் பாருங்க. தக்காளிக்கு 15 டிகிரி, கத்தரி, மிளகாய்க்கு 18, வெண்டை, தண்டங்கீரை, பாகல், பீர்க்கன், புடலை, சுரைக்கு 20. கத்தரியைச் சீக்கிரம் நட்டால் சாகாமல் நின்று, வளராமல் மானத்தை வாங்கும். குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸை) எடுக்காது, இலை ஊதாவாகும். அதைப் பார்த்து உரத்தைக் கொட்டாதீங்க. மண் சூடானால் தானே பச்சை திரும்பும்.

இனி பின்னோக்கி எண்ணுவது. டொராண்டோவுக்கு நடவு நாள் மே 28 என்று வைப்போம். மிளகாய், கத்தரிக்கு எட்டு முதல் பத்து வாரம், ஆகவே மார்ச் 19 முதல் ஏப்ரல் 2-க்குள் வீட்டுக்குள் விதைப்பு. தக்காளி ஆறு முதல் எட்டு வாரம், ஏப்ரல் முதல் பாதி. மாசியிலேயே தக்காளி விதைத்தால் மே மாசம் பூவெடுத்த நோஞ்சான் செடி சட்டிக்குள் வேர் சுற்றி நிற்கும். மிளகாய் விதைக்கு 20 டிகிரி அறையில் பன்னிரண்டு பதிமூன்று நாள், 25 டிகிரியில் எட்டு நாள், அதனால் சூடாக்கும் விரிப்பு வைத்தால் நல்லது. முளைத்ததும் விரிப்பை எடுத்துவிடணும். ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதாது, நாத்து நெட்டையாகப் போய்ச் சாயும். எல்இடி குழல் விளக்கை நாலு விரல் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்க. கொடிக்காய்களுக்கு மூன்று நாலு வாரம் போதும். மே 8 வாக்கில் விதைத்து ஜூன் முதல் வாரம் வெளியே. பாகல் விதையின் மேல்தோலை மூக்குப் பக்கம் நகவெட்டியால் லேசாக நறுக்கி, ஒரு ராத்திரி ஊறவையுங்க. கொடிகளுக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது, மட்கும் சட்டியில் விதைத்து அப்படியே புதைத்துவிடலாம்.

வெளியே வைப்பதற்கு முன் பழக்கணும். நம்மூரில் நாத்தங்கால் வெயிலிலேயே இருப்பதால் இந்த வேலை நமக்குத் தெரியாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, ஏழெட்டு நாளில் முழு வெயில். இதை விட்டுவிட்டு நேராக நட்டால் ஒரே பகலில் இலை வெள்ளைக் காகிதமாகிவிடும்.

எல்லாமே மே கடைசிக்குக் காத்திருக்கணும் என்று இல்லைங்க. பட்டாணியும் முள்ளங்கியும் கடைசி உறைபனிக்கு நாலு வாரம் முன்னமே விதைக்கலாம். கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் மூன்று வாரம் முன்னால் தொடங்குவது சரி. கொத்தமல்லி லேசான உறைபனியைத் தாங்கும், வெயிலைத்தான் தாங்காது. ஜூன் கடைசியில் விதைத்தால் தழை வருவதற்குள் பூவெடுத்துவிடும், ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை தூவுங்க. துளசிக்கு நேர் எதிர், ராத்திரி 10 டிகிரிக்கு மேலே நின்றால்தான் வெளியே விடணும்.

டல்லாஸ்காரர்களுக்கு வேறு கவலை. அங்கே உறைபனி சீக்கிரம் போய்விடும், வெயில் சீக்கிரம் வந்துவிடும். பகல் 35, ராத்திரி 24 டிகிரி தாண்டினால் தக்காளிப் பூ கொட்டும். எனவே மார்ச் கடைசிக்குள் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நட்டுவிடணும். தவறினால் ஜூலையில் நட்டு அக்டோபர், நவம்பரில் காய் பறிக்கலாம்.

ஊரிலிருந்து அவரை விதை மடித்து எடுத்து வருகிறவர்களுக்கு ஒன்று. சட்டக் கணக்கு முதலில்: அமெரிக்கா, ஆஸ்திரேலியா ரெண்டிலும் விதைக்குச் சான்றும் அனுமதியும் கேட்பார்கள், பையில் ஒளித்து வந்து அபராதம் கட்டாதீங்க. அதைவிடப் பெரிய சிக்கல் பகலின் நீளம். நம்ம பந்தல் அவரையும் துவரையும் பகல் சுருங்கினால்தான் பூவெடுக்கும். ஆடியில் போட்டுத் தையில் பறிப்பது அதனால்தான். கோயமுத்தூரில் ஆக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம், டொராண்டோவில் ஜூனில் பதினஞ்சரை மணி நேரத்தை நெருங்கும். கொடி கோடை முழுக்கப் பந்தலை மூடிக்கொண்டு செழிக்கும், செப்டம்பர் கடைசியில் பகல் பன்னிரண்டு மணி நேரமானதும் ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வரும், அக்டோபரில் உறைபனி வந்து எல்லாவற்றையும் கருக்கும். ஒரு பொரியலுக்குக்கூடக் காய் தேறாது. பகல் நீளம் பார்க்காத குத்து அவரை ரகம் கிடைத்தால் மட்டும் போடுங்க. இல்லையென்றால் அந்தப் பந்தலில் பீர்க்கன் ஏற்றுங்க. முருங்கையிலும் காய் எதிர்பார்க்க வேண்டாம். மூலனூர்க் காயை மறந்துவிட்டு, சட்டியில் வைத்துக் கீரைக்கு மட்டும் வளர்க்கலாம்.

கறிவேப்பிலைக் கன்றும் தழையும் ஊரிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரத் தடை. எலுமிச்சைக் குடும்பம், அதில் வருகிற பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும். அங்கேயே நாத்துப்பண்ணையில் வாங்கிச் சட்டியில் வையுங்க. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகும் முன் உள்ளே எடுங்க. குளிர்காலத்தில் அது வளராது, இலையும் கொட்டும். செத்துவிட்டதென்று தண்ணியை ஊற்றி ஊற்றி வேரை அழுக வைப்பதுதான் அதிகம் நடக்கிறது. நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்க, உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கு. மேல்மண் ரெண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணி.

அக்டோபரில் கடைசிக் காயைப் பறித்த பாத்தி சும்மா கிடக்க வேண்டாம். அந்த மாசம் நடுவில் பூண்டுப் பல்லைக் கூர்முனை மேலே பார்க்க, நாலு விரல் ஆழத்தில், அரைச் சாண் இடைவெளியில் ஊன்றுங்க. மேலே உதிர்ந்த இலையை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பிவிட்டால் பனிக்குள்ளேயே கிடந்து, வசந்தத்தில் முளை நீட்டும். ஜூலையில் கீழ் இலை நாலஞ்சு பழுத்ததும் பிடுங்கலாம்.